காவிரிக் கரைக்கு ஒரு கபடி மேட்: சேரலாதனின் ஆட்ட வாழ்வை அளவுகோலாகக் கொண்டு ஒரு மதிப்புரை

டெல்டா மாவட்டங்களில் கபடிக் குழு நடத்துகிறவர்கள் இப்போது மேட், அதாவது களத்தில் விரிக்கும் நுரை விரிப்பு, வாங்குவதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். மண் களத்தில் வளர்ந்த பையன் மாவட்டத் தேர்வு வரை திறமையால் போய்விடுகிறான். அதற்கு மேல் நடக்கும் பெரிய போட்டிகளில் மேட் மீது நின்றதும் கால் தடுமாறித் திரும்பி வருகிறான் என்பதே அந்தப் பேச்சுக்குக் காரணம். திருவையாற்றுக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் இயங்கும் எங்கள் குழு, ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளாக வந்து பல்லோடு பல் கோத்துப் பொருந்தும் நுரை மேட்டை வாங்கி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அதன் மீது ஆடிப் பார்த்திருக்கிறது. கடைக்காரர்கள் தடிமனையும் நிறத்தையும் விலையையும் சொல்லி விற்கிறார்கள். மூலையில் நிற்கும் ஒரு பையன் இதன் மீது கற்றுக்கொண்டு நெடுங்காலம் ஆட முடியுமா என்பதுதான் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு அளவுகோலைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே தர்மராஜ் சேரலாதன் இருக்கிறார்.

கல்லணைக்குக் கிழக்கே கோவிலடிப் பக்கம் இருக்கும் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த சேரலாதன் 1975இல் பிறந்தவர். புரோ கபடி லீக் 2014 ஜூலையில் தொடங்கியபோது அவருக்கு வயது 39. மற்றவர்கள் ஆட்டத்தை விட்டு வேலையோடும் குடும்பத்தோடும் அமர்ந்துவிடும் அந்த வயதில்தான் நாடு முழுவதும் அவரைத் தொலைக்காட்சியில் பார்க்கத் தொடங்கியது. 2016 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்று, இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸை 37-29 என்று வென்று கோப்பையை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய அணியில் இருந்தார். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் தோற்ற அந்த அணி, இறுதியில் ஈரானை 38-29 என்று வீழ்த்தியது. அப்போது அவருக்கு 41 வயது. பிறகு புனே, மும்பை அணிகளில் ஆடி, 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸின் தலைவராக இருந்து, 46ஆம் வயதில் ஜெய்ப்பூர் அணிக்காகவும் களமிறங்கினார். எதிரணிக்காரர்கள் உட்பட எல்லோரும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தார்கள். அது வயதுக்குக் கொடுத்த மரியாதை மட்டுமல்ல, ஆட்டத்தின் நடுவே அவர் நின்று வழிகாட்டிய விதத்துக்குக் கொடுத்த மரியாதையும்கூட.

அவர் நின்ற இடம் வலது மூலை, அதாவது பிடிக்கும் அணியின் வரிசையில் வலது கோடி. கபடியில் உடம்பை அதிகம் சிதைக்கும் இடங்களில் மூலையும் ஒன்று. எதிரணியிலிருந்து பாடி வரும் ரைடர், கடந்தால் கூடுதல் புள்ளி கிடைக்கக்கூடிய போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும்போது அவருக்கு மிக அருகில் இருப்பவர் மூலையாள்தான். அந்தக் காலின் கணுவைக் கண நேரத்தில் இரு கைகளாலும் கவ்விப் பிடித்து, தன் பின்னங்காலை ஊன்றி உடம்பை உள்ளிழுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் ரைடர் தொட்டுவிட்டுப் போவார்; கொஞ்சம் பிந்தினால் கால் கிடைக்காது. இதை வலிமையால் மட்டும் செய்கிறவர்களுக்கு முப்பது வயதுக்குள் முட்டி போய்விடும். நிற்கும் தூரத்தையும் பின்னங்காலின் ஊன்றலையும் சரியாக வைத்துக்கொள்கிறவரே நீடிக்கிறார். ஆகவே ஒரு மேட் நல்லதா கெட்டதா என்று நான் பார்த்தது, அந்தப் பின்னங்காலுக்கு அது என்ன செய்கிறது என்பதைத்தான்.

மண்ணில் அந்தக் கால் சறுக்கும். மரத்தூள் கலந்த செம்மண் பரப்பித் தண்ணீர் தெளித்த களத்தில் நம் பையன்கள் முழங்காலை மடக்கிச் சறுக்கிக்கொண்டே போய்க் கணுக்காலைப் பிடிப்பார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், பிடியும் கிடைக்கும். மேட் மீது அதே வேலையைச் செய்தால் முழங்கால் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. உடம்பு முன்னே போக, முட்டி பின்னே நிற்க, தோல் உரிந்து எரிகிறது. முதல் வாரத்தில் எங்கள் வலது மூலைப் பையன், "அண்ணே, காலு ஒட்டுதுண்ணே, பாய முடியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொன்னது சரி. ஆனால் குறை மேட்டில் இல்லை. மண்ணின் சறுக்கலை நம்பி அவன் ரைடருக்கு ஒரு முழம் தள்ளியே நின்று பழகியிருந்தான். மேட் மீது அந்த ஒரு முழத்தைக் காலடியால் கடந்தாக வேண்டும். முழங்காலைப் போட்டு விழாமல், நெஞ்சைத் தாழ்த்தி, கைகளை முன்னே நீட்டி, கால் விரல்களின் பலத்தில் எட்டிப் பாய அவனுக்குப் பல மாதங்கள் பிடித்தன. இப்போது அவன் பிடித்த காலை விடுவதில்லை. இந்த மாற்றம் பதினாறு வயதில் நடந்தால் நல்லது; இருபத்திரண்டில் நடந்தால் பழைய வழக்கத்தை உடைப்பதற்கே பாதி ஆட்ட வாழ்வு போய்விடும்.

இனி பொருளுக்கு வருகிறேன். சந்தையில் இருபது, இருபத்தைந்து, முப்பது மில்லிமீட்டர் எனப் பல தடிமன்களில் துண்டுகள் கிடைக்கின்றன. தடிமன் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவோம். நுரையின் அடர்த்திதான் முக்கியம். அடர்த்தி குறைந்த முப்பது மில்லிமீட்டர் மேட் மீது மூலையாள் பின்னங்காலை ஊன்றினால் குதிகால் அமுங்கி, கணுக்கால் ஒரு பக்கம் சாய்கிறது. தாங்க வேண்டிய தரையே காலை வாருகிறது. அடர்த்தியான இருபத்தைந்து மில்லிமீட்டர் மேட் காலைத் திருப்பித் தள்ளுகிறது, விழும் தோளையும் காக்கிறது. கடையில் நின்று கட்டைவிரலால் ஒரு துண்டின் நடுவே அழுத்தி எடுத்தால், பள்ளம் உடனே நிரம்பிவிட வேண்டும். விரல் தடம் நின்று மெதுவாக எழும்பினால் அதை வாங்க வேண்டாம். ஒரே தடிமனில் இரண்டு வகைகளைக் கையில் தூக்கிப் பார்த்தால் எடை வித்தியாசம் நன்றாகத் தெரியும். எடை கூடியதே நமக்கானது. வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் அவசியம். ஓரத்தில் பல நிறப் பொடிகள் தென்பட்டால் அது கழிவு நுரையை அரைத்துச் சேர்த்தது. கோக்கும் பற்கள் சீக்கிரம் கிழியும். இரு பக்கமும் இரு நிறமாக வரும் துண்டுகளில் நடுவே ஒட்டிய இடம் பிரிந்துவருகிறதா என்று நகத்தால் நிமிண்டிப் பார்க்கலாம்.

எத்தனை துண்டுகள் வாங்குவது என்ற கணக்கைக் கடைக்காரர் சொல்லித் தரமாட்டார் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஆக முழுக் களத்துக்கு 130 துண்டுகள். நடுக்கோடு ஆறரை மீட்டரில் விழுவதால் அது ஏழாவது வரிசையின் நடுவே போகும். பாதிக் களம் வாங்க நினைக்கிறவர்கள் 65 துண்டு என்று கணக்குப் போட்டு, அதில் ஐந்தைக் குறுக்கே வெட்டிவிடுகிறார்கள். பிறகு மறுபாதி வாங்கும்போது நடுக்கோட்டில் வெட்டுத் தழும்போடு ஒரு பிளவு நிற்கும். ரைடர் முதல் அடி வைக்கும் இடம் அதுதான். அதற்குப் பதில் முதலில் ஏழு வரிசையாக 70 துண்டுகளை வாங்கி, அடுத்த முறை ஆறு வரிசையாக 60 வாங்கினால் எதையும் வெட்ட வேண்டாம். பணம் குறைந்த குழுவுக்குப் பாதிக் களம் போதும் என்பதே என் கருத்து. பிடிப்பவர்களின் பயிற்சி முழுவதும் பாதிக் களத்தில்தான் நடக்கிறது. மூலையாளும் அவருக்கு உட்புறம் நிற்கும் கவரும் சங்கிலியாகக் கைகோத்து நகர்ந்து பழக அதற்கு மேல் இடம் வேண்டியதில்லை.

கோடு போடுவதில்தான் உண்மையான தொல்லை. ரைடர் பொதுவாகத் தாண்டியாக வேண்டிய தடைக்கோடு நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரிலும் போனஸ் கோடு அதற்கு அப்பால் ஒரு மீட்டரிலும் வரும். இரண்டுமே துண்டுகளின் இணைப்பில் விழுவதில்லை. ஒட்டுநாடா ஒட்டினால் வியர்வையிலும் தூசியிலும் ஓரம் எழும்பி, மூலையாளின் கட்டைவிரல் அதில் மாட்டுகிறது. எங்கள் களத்தில் கட்டைவிரல் நகம் பெயர்ந்த பையன் ஒருவன் அந்த நாடாவால்தான் அவதிப்பட்டான். இப்போது நாடாவை உரித்துவிட்டு, நுரைக்கு ஒத்துவரும் வண்ணத்தால் கோடு தீட்டியிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மங்கினாலும் காலைத் தடுக்குவதில்லை. மகளிர் களத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் கொண்ட அந்தக் களத்தில் நடுக்கோடு ஆறாவது மீட்டரிலும், தடைக்கோடு அங்கிருந்து மூன்றாவது மீட்டரிலும், போனஸ் கோடு நான்காவது மீட்டரிலும் விழுவதால் எல்லாம் இணைப்பிலேயே வந்துவிடுகின்றன. பாதிக் களத்துக்கு 48 துண்டுகளே போதும். பெண்கள் குழு நடத்தும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடியில் இருக்கும் தரை சரியில்லாவிட்டால் எவ்வளவு நல்ல மேட்டும் பயன்படாது. நம் வண்டல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதன் மீது நேரடியாக விரித்தால் ஒரு மாதத்தில் மேட் அலையலையாகிவிடும். சமமான சிமென்ட் தளம் வேண்டும். டெல்டா கிராமங்களில் அப்படிப்பட்ட தளம் என்றால் பெரும்பாலும் நெல் காயவைக்கும் களம்தான். அங்கேதான் துண்டு துண்டாக வரும் இந்த மேட்டின் அருமை தெரிகிறது. குறுவை அறுவடையாகி நெல் வந்தால் பையன்கள் கூடி விரைவிலேயே கழற்றி அடுக்கிவிடுகிறார்கள். நெல் ஏறியதும் மறுபடி விரிக்கிறோம். தை மாதம் சம்பா அறுவடை நெருக்கும்போது களம் கிடைப்பதே இல்லை. பொங்கல் போட்டிகளும் அப்போதுதான் வருகின்றன. அவை ஊரில் மண் களத்திலேயே நடப்பதால் எங்களுக்குப் பெரிய இழப்பில்லை. நிரந்தரமாக ஒட்டிவிடும் வகை மேட் வாங்கச் சொல்லி ஒருவர் ஆலோசனை சொன்னார். நெல் விளையும் ஊரில் அது விவசாயிகளோடு சண்டையில்தான் முடியும்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூலையாள் நிற்பது போனஸ் கோட்டுக்கும் பின் எல்லைக்கும் நடுவே உள்ள 1.75 மீட்டருக்குள். பிடி விழுந்ததும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எல்லைக்கு வெளியே உருள்வார்கள்; அங்கே வெறும் சிமென்ட் இருந்தால் தோள்பட்டை போய்விடும். பெரிய அரங்குகளில் அங்கேயும் மேட் இருக்கும். நாங்கள் வைக்கோலைத் திணித்த சாக்குகளை நெருக்கமாக அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறோம். வைக்கோலுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. அறுவடைக்கு அறுவடை மாற்றிக்கொள்ளலாம்.

குறைகளில் பெரியது வெயில். சித்திரை வெயிலில் மேட்டை விரித்தபடி விட்டால் நுரை சுருங்குகிறது, சுருங்கியது மறுபடி விரிவதில்லை. முதல் கோடையின் முடிவில் எங்கள் துண்டுகள் சிலவற்றின் இணைப்பில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. தவறு வெயிலுடையது மட்டுமல்ல. விற்றவர் கேட்ட எண்ணிக்கையை நிரப்புவதற்காக இரண்டு தயாரிப்புத் தொகுதிகளைக் கலந்து அனுப்பியிருந்தார். ஒரு தொகுதி மற்றதைவிட அதிகம் சுருங்கியது. கேட்டபோது மாற்றித் தர மறுத்துவிட்டார். இடைவெளி விழுந்த துண்டுகளை மூலைகளிலிருந்து அகற்றி, யாரும் அதிகம் ஊன்றாத, களத்தின் பக்க ஓரமான லாபிப் பகுதிக்கு மாற்றிவிட்டோம். ஆகவே வாங்குகிறவர்கள் ஒரே தொகுதியில் வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்வதும், சரக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் கோத்து அளந்து பார்ப்பதும் அவசியம். காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை வெயில் இறங்கிய பிறகு ஆடி, முடித்ததும் நிழலில் அடுக்கி வைத்தால் மேட் நெடுநாள் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. நுரை தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆனால் அடியில் தேங்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கறுப்புப் பூஞ்சை பிடிக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை துண்டுகளைத் தூக்கி நிறுத்திக் காற்றாட விட வேண்டும். மேல்பரப்பில் தூசியும் வியர்வையும் சேர்ந்தால் வழுக்கும் என்பதால் ஆட்டத்துக்கு முன் ஈரத்துணியால் துடைப்பதைப் பையன்கள் முறை வைத்துச் செய்கிறார்கள்.

வெறுங்காலோடு ஆடக் கூடாது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மேட் வாங்கிய குழு, வழுக்காத ரப்பர் அடியும் கணுவைத் தாங்கும் உயரமும் கொண்ட காலணியும் முட்டிக் காப்பும் வாங்கியாக வேண்டும். இந்தச் செலவை மறைத்து மேட் விலையை மட்டும் ஊரில் சொல்லிப் பணம் திரட்டினால் பிறகு பையன்களின் வீட்டில்தான் அந்தச் சுமை இறங்கும்.

இத்தனை செலவும் உழைப்பும் எதற்கு என்று கேட்கிறவர்களிடம் நான் ஆட்டக்காரரின் ஆயுளைப் பற்றித்தான் பேசுகிறேன். மோதி விளையாடும் ஆட்டங்களில் வயது ஏறியும் நிமிர்ந்து நின்றவர்கள் மிகச் சிலர். ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக்கில் முன்வரிசை ஆட்டக்காரரான ஆர்தர் பீட்சன், 1980 ஜூலை 8 அன்று பிரிஸ்பேனில் மாநில அணிகள் மோதிய முதல் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் போட்டியில் 35ஆம் வயதில் குயின்ஸ்லாந்துக்குத் தலைமை தாங்கி 20-10 என்று வென்றதை அந்நாட்டார் இன்றும் கொண்டாடுகிறார்கள். மைதானத்தின் வாசலில் அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்காரர் அதைவிட ஆறு வயது கூடுதலாக இருக்கும்போது உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அந்தச் சாதனையைப் பதாகையில் படம் போட்டு வாழ்த்துவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. மண்ணில் கற்றதை மேட்டுக்கு மாற்றி, வேகம் குறைந்த வயதில் நிற்கும் இடத்தாலும் நிதானத்தாலும் ஈடுசெய்த அந்த முறையைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு தளம் வேண்டும். 2024இல் தமிழ் தலைவாஸ் அணி அவரை வியூகப் பயிற்சியாளராக அமர்த்தியது. அந்த அறிவு சென்னையோடு நிற்காமல் ஊருக்கும் வந்து சேர வேண்டுமானால், வந்து சேரும் இடத்தில் அதைச் செய்து பார்க்க வசதி இருக்க வேண்டும்.

மேட் வந்ததும் மண் களத்தை மூடிவிடலாம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. சிறுவர்கள் விழப் பழகுவதும், பயம் விட்டுக் காலைப் பிடிக்கக் கற்பதும் மண்ணில்தான் இயல்பாக நடக்கிறது. மூச்சுப் பிடித்துப் பாடும் பழக்கமும் அங்கேயே வருகிறது. எங்கள் குழுவில் பதின்மூன்று வயது வரை மண் மட்டும், அதன் பிறகு வாரத்தில் பாதி நாள் மேட் என்று பிரித்து வைத்திருக்கிறோம். பெரியவர்களும் போட்டிக்கு முந்தைய வாரத்தைத் தவிர மண்ணை விடுவதில்லை. இந்தப் பிரிப்பால் முட்டி வலி என்று ஒதுங்குகிறவர்கள் குறைந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அடர்த்தியான இருபத்தைந்து மில்லிமீட்டர் துண்டுகள், ஒரே தொகுதி, ஏழு வரிசை, தீட்டிய கோடு, நிழலில் அடுக்க ஓர் அறை ஆகியவை அமைந்தால் டெல்டாவின் எந்த ஊர்க் குழுவுக்கும் இந்தப் பொருளைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அறையும் சமதளமும் இல்லாத ஊர் முதலில் அந்தப் பணத்தைத் தளத்துக்குச் செலவிட வேண்டும். எங்களுக்கு இன்னும் ஆறு வரிசை வாங்க வேண்டியிருக்கிறது. சம்பா நெல் களத்தை விட்டு ஏறிய பிறகு, இந்த முறை வேறு கடையில், ஏற்கெனவே இருக்கும் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பல் பொருந்துகிறதா என்று கோத்துப் பார்த்து வாங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.